கண்டக்டர் சூசைராஜ் நடத்திய ‘பாவனை’

திண்டுக்கல் மேட்டுப்பட்டி சூசைராஜைக் கோயில் திருவிழா நாடகத்திலிருந்து மூன்று முறை விலக்கியிருக்கிறார்கள். நடிப்பு வராமல் இல்லை. காவலாளி வேஷம் கொடுத்தால், “யாரங்கே?” என்று கேட்டுவிட்டு ஒதுங்கி நிற்க மாட்டார். வந்தவரிடம் ஊர் எது, என்ன சோலி, கையில் என்ன மூட்டை என்று சொந்தமாகக் கேள்வி கேட்டுக்கொண்டே போவார். ராஜா வேஷக்காரர் பதில் தெரியாமல் திரைக்குப் பின்னால் பார்ப்பார். “எழுதினதைப் பேச முடியாதவனுக்கு மேடை எதுக்கு?” என்று நாடக வாத்தியார் கடைசியாக அனுப்பியபோது சூசைராஜுக்கு இருபத்து மூன்று வயது.

இரண்டு வருஷம் கழித்து, 1946-இல், பஸ் கண்டக்டர் வேலை கிடைத்தது. திண்டுக்கல்லில் ஏறினால் ஒட்டன்சத்திரம், பழனி வழியாகத் தொப்பம்பட்டி வரை. அந்த வேலையில் எழுதின வசனம் ஏதும் கிடையாது என்பதால் அது அவருக்கு ஒத்துப்போயிற்று. லூர்தம்மாளைக் கல்யாணம் செய்துகொண்டார். இரண்டு பெண் குழந்தைகள் பிறந்தார்கள். வாழ்க்கை ஒரு ஒழுங்கில் ஓடிக்கொண்டிருந்தது.

1957 மே மாதம் ஒரு முற்பகலில் பஸ் சத்திரப்பட்டியைத் தாண்டியதும் முன்பக்க ஸ்பிரிங் பட்டை முறிந்துபோனது. டிரைவர் சோலைமுத்து இறங்கிக் குனிந்து பார்த்தார், தலையை ஆட்டினார், அந்தப் பக்கம் வந்த லாரியில் தொற்றிக்கொண்டு பழனிக்கு மெக்கானிக்கைக் கூப்பிடப் போய்விட்டார். நாற்பத்திரண்டு பயணிகளும் சூசைராஜும் புளியமர நிழலில் மிச்சம்.

முதல் அரைமணி நேரம் பொறுத்தார்கள். பிறகு ஆளுக்கொரு பக்கம் கத்தத் தொடங்கினார்கள். பெண்ணழைக்கப் போகிற கல்யாண கோஷ்டி ஒன்று இருந்தது. அவர்களுக்கு முகூர்த்தக் கவலை. எல்லோரையும்விட அதிகமாகக் கத்தியவர் பேகம்பூர் தோல் வியாபாரி சாகுல் ஹமீது.

“நான் என்ன புளியங்கா பொறுக்கவாய்யா வண்டி ஏறினேன்? பதில் சொல்லுய்யா!”

சூசைராஜ் வாயில் வந்ததைக் கேட்டார்.

“பாய், நீங்க கப்பல்ல போயிருக்கீங்களா?”

“பினாங்குக்குப் போயிருக்கேன். அதுக்கென்ன இப்ப?”

“இது பஸ் இல்ல பாய், கப்பல். நீங்கதான் கேப்டன். கப்பல் மணல்ல தட்டி நின்னுபோச்சு. இந்த நாப்பத்திரண்டு பேரும் உங்களை நம்பித்தான் ஏறியிருக்காங்க. சொல்லுங்க, என்ன செய்யலாம்?”

ஹமீது அவரை மேலும் கீழும் பார்த்தார். அடி விழப்போகிறது என்றே சூசைராஜ் நினைத்தார். ஆனால் ஹமீது திரும்பி, சிதறிக் கிடந்த கூட்டத்தைப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை இடுப்பில் கட்டினார்.

“முதல்ல கப்பல்ல குடிதண்ணி எம்புட்டு இருக்குன்னு பாரு” என்றார்.

அப்புறம் அது தானாக ஓடியது. பூக்கூடை வைத்திருந்த ஒரு பெண், “அப்ப நான் யாரு?” என்று கேட்டாள். வைத்தியர் என்றார் சூசைராஜ். அவள் உடனே நான்கு பேருக்கு நாடி பிடித்து, இரண்டு பேருக்குக் கடல் காய்ச்சல் என்று சொல்லிவிட்டாள். கல்யாண கோஷ்டியின் தாய்மாமன் கேப்டனை எதிர்த்துக் கலகம் செய்யக் கிளம்பினார். கலகம் பலிக்குமா, பலிக்காதா? இதை யார் முடிவு செய்வது? எல்லோரும் சூசைராஜைப் பார்த்தார்கள்.

“உங்க டிக்கெட்டைக் கைக்குள்ள மூடுங்க மாமா. கடைசி நம்பர் ஒத்தையா ரெட்டையான்னு கேப்டன் சொல்லட்டும். அவர் சரியாச் சொன்னா கலகம் பலிக்காது. தப்பாச் சொன்னா கப்பல் உங்களுக்கு. ஆனா ஒரு டிக்கெட்டுக்கு ஒரு தடவைதான்!”

ஹமீது ஒற்றை என்றார். டிக்கெட்டில் இரட்டை. கப்பல் தாய்மாமன் கைக்குப் போயிற்று. ஹமீது சிறையில் கிடந்து, வைத்தியர் உதவியால் தப்பித்து, கொள்ளைக்காரர்களோடு சேர்ந்து திரும்பி வந்தார். பிற்பகலில் சோலைமுத்து மெக்கானிக்கோடு வந்து, பட்டையை மாட்டி, ஹாரன் அடித்தபோது ஒருவரும் ஏறவில்லை.

“செத்த நேரம் பொறுப்பா, கரை தெரியுது!” என்றார் தாய்மாமன்.

அன்று வீட்டுக்கு வந்த சூசைராஜுக்குச் சாப்பாடு இறங்கவில்லை; அவ்வளவு சந்தோஷம். அடுத்த மாதக் கோயில் திருவிழாவில், தேர் கிளம்பக் காத்திருந்த கூட்டத்தில் முப்பது பேரைச் சேர்த்து அதே கப்பலை மறுபடியும் ஓட்டிப் பார்த்தார். கால் மணி நேரம்கூடத் தாங்கவில்லை. பதினாறு பேர் கேப்டன் ஆனார்கள். ஒருவன் “நான் உன்னைச் சுட்டுட்டேன்” என்றான். சுடப்பட்டவன் “படவே இல்ல” என்றான். “நெஞ்சுல பட்டுச்சுலே!” “நான் பறந்து போயிட்டேன்லே!” கடைசியில் ஒரு சட்டை கிழிந்தது. அது நிஜச் சட்டை.

கிழிந்த சட்டையை விட ஒரு கேள்விதான் சூசைராஜைப் படுத்தியது. சுட்டதாக ஒருத்தன் சொல்கிறான், படவில்லை என்று இன்னொருத்தன் சொல்கிறான். யார் சொன்னால் அது நடந்ததாக ஆகும்? சத்திரப்பட்டியில் இந்தச் சண்டை ஏன் வரவில்லை?

ஒன்றரை வருஷம் இதே யோசனை. பஸ் ஸ்டாண்டில் அடுத்த டிரிப்புக்குக் காத்திருக்கும் கண்டக்டர்களை உட்கார வைத்துச் சின்னச் சின்னதாக ஆட்டம் போட்டுப் பார்த்தார். எது நின்றது, எது விழுந்தது என்று பழைய டிரிப் ஷீட்டுகளின் பின்பக்கத்தில் எழுதினார். வீட்டிலும் அதே பேச்சு.

“யார் சொன்னா நடந்ததா ஆகும், லூர்து?”

“வீட்ல உப்பு இல்லன்னு மூணு நாளாச் சொல்றேன். அது நடந்ததா ஆகுமா, ஆகாதா?” என்றாள் லூர்தம்மாள்.

எழுதின தாள் கத்தையானதும் அதை எடுத்துக்கொண்டு பேகம்பூருக்குப் போனார். அங்கே சேக் பரீது சின்னதாக ஒரு அச்சகம் வைத்திருந்தார். கல்யாணப் பத்திரிகை, கடை நோட்டீஸ் அடிப்பதுதான் தொழில். பரீது தாள்களைப் புரட்டினார்.

“ஆடறதுக்கு ஆட்டம் போதாதா அண்ணே? அதைப் பத்திப் பத்திரிகை வேறயா?”

“சமையலைப் பத்தி எழுதறாங்க, விவசாயத்தைப் பத்தி எழுதறாங்க. மனுசங்க கூடி ஒண்ணை இருக்கறதாப் பாவிச்சு விளையாடறது எப்படி, அதைச் செஞ்சு அமைக்கறது எப்படின்னு யாராவது எழுதியிருக்காங்களா?”

பரீதுக்கு இந்தக் கிறுக்கு பிடித்திருந்தது. கல்யாணப் பத்திரிகை அடித்து மிஞ்சிய காகிதம் மூலையில் அடுக்கடுக்காகக் கிடந்தது. அதிலேயே அடித்துத் தருவதாகச் சொன்னார். இப்படித்தான் 1959 ஜனவரியில் ‘பாவனை’ முதல் இதழ் வந்தது. பதினாறு பக்கம். நாலு பக்கம் ரோஸ், நாலு பக்கம் வெளிர்பச்சை, மீதி எட்டும் மஞ்சள். அட்டையில், ‘ஆடுவோர்க்கும் ஆட்டம் அமைப்போர்க்கும்’ என்று இருந்தது. நூற்றைம்பது பிரதிகளும் பஸ்களில் ஏறிப் பழனி, நத்தம், வத்தலக்குண்டு என்று கண்டக்டர்கள் கைவழியே போயின.

அதற்கு முன் பிழை திருத்தும்போதே ஒரு விஷயம் நடந்தது. அச்சகத்தில் பிழை பார்ப்பது பரீதின் தங்கை கமர்ஜஹான். பெண்கள் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு டீச்சர். மூக்குக் கண்ணாடியும் சிவப்புப் பென்சிலுமாக உட்கார்ந்தால் யாருக்கும் பயப்பட மாட்டாள். சூசைராஜின் கட்டுரை ஓரத்தில் ‘தப்பு’ என்று பெரிதாக எழுதி, வட்டம் போட்டிருந்தாள். சூசைராஜ் அந்த வரியை மூன்று முறை படித்துப் பார்த்தார்.

“எழுத்துல எங்கம்மா தப்பு?”

“எழுத்துல இல்லண்ணே. கருத்துல.”

சூசைராஜ் எழுதியிருந்தது இது: ஆட்டத்தை நடத்துகிறவர் சொன்னால்தான் எதுவும் நடந்ததாக ஆகும், ஆகவே நடத்துகிறவர் இல்லாமல் ஆட்டம் இல்லை. கமர்ஜஹான் ஒப்புக்கொள்ளவில்லை. அவளுடைய வகுப்புப் பிள்ளைகள் தபாலாபீஸ் நடத்தி விளையாடுவார்கள். அவள் ஒன்றும் சொல்வதில்லை. ஒரு பிள்ளை ‘தந்தி வந்திருக்கு’ என்றால் மற்றவர்கள் ‘ஐயோ, யாருக்கு?’ என்பார்கள். அந்த நொடியில் தந்தி வந்துவிடுகிறது. ‘சரி’ என்று மற்றவர்கள் ஏற்றுக்கொண்டால் நடந்தது, இல்லாவிட்டால் இல்லை. அவ்வளவுதான்.

“இதை நீயே எழுதும்மா, ரெண்டாவது இதழ்ல போடறேன்” என்றார் சூசைராஜ். உள்ளுக்குள் சுருக்கென்று இருந்தாலும், ஒன்றரை வருஷமாகத் தேடிய பதிலின் பாதி இந்தப் பெண் கையில் இருப்பது அவருக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

மார்ச் இதழில் அவள் கட்டுரை வந்தது. பத்தாம் நாள் பழனி தபால் முத்திரையோடு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் பெயர் இல்லை. கீழே ‘கறார்’ என்று மட்டும் இருந்தது.

‘அன்புடையீர், எல்லோரும் சரி என்றால்தான் நடக்கும் என்று டீச்சரம்மாள் எழுதியிருக்கிறார். தான் ஆற்றில் மூழ்குவதற்கு எவன் சரி என்று சொல்வான்? அவரவர் நினைத்தபடி எல்லாம் நடந்தால் அது ஆட்டமே அல்ல, பகல் கனவு. பத்திரிகை ஆசிரியர் எழுதியதுபோல் நடத்துகிறவர் சொன்னபடியே எல்லாம் நடந்தால் அதுவும் ஆட்டம் அல்ல, கதாகாலட்சேபம். விதி வேண்டும். எல்லோருக்கும் தெரிந்த விதி, யாருக்கும் வளையாத விதி. மேலும் முதல் இதழில் தாங்கள் விளக்கியிருந்த டிக்கெட் முறையில் ஓட்டை இருக்கிறது. தன் டிக்கெட்டைத் தானே பார்த்துக்கொண்டவன், எதிராளி முகத்தைப் பார்த்துப் பேசியே அவனைத் தவறாகச் சொல்ல வைக்கலாம். டிக்கெட்டை மூன்றாம் ஆளிடம் கொடுத்து மூடச் சொல்லவும்.’

சூசைராஜ் இதைப் பஸ் ஸ்டாண்டில் நின்று படித்தார். படித்துவிட்டுச் சத்தமாகச் சிரித்தார். ஓட்டை உண்மைதான்!

மே இதழில் கடிதம் வெளியானது. அதற்குக் கீழேயே கமர்ஜஹான் பதில்: ‘என் பிள்ளைகள் மூழ்கச் சம்மதிக்கிறார்கள். மூழ்குவது நன்றாக இருந்தால் சந்தோஷமாகவே மூழ்குகிறார்கள். போன வாரம் ஒருத்தி தன்னைக் காப்பாற்ற வந்தவளைத் திட்டி அனுப்பிவிட்டாள். கறார் ஐயா பிள்ளைகளோடு விளையாடிப் பார்த்ததில்லை போலும்.’

ஜூலை இதழ் முழுக்க இந்தச் சண்டைதான். கறார் எட்டுப் பக்கம் எழுதினார். கமர்ஜஹான் ஆறு பக்கம். சூசைராஜுக்கு மிஞ்சியது இரண்டு பக்கம். நத்தத்திலிருந்து ஒரு வைத்தியர் விதி கட்சி என்று கார்டு போட்டார்; வத்தலக்குண்டில் டீக்கடை நண்பர்கள் ஏழு பேர் சேர்ந்து டீச்சர் கட்சி என்று கையெழுத்திட்டு அனுப்பினார்கள். அச்சுக்கோர்க்கிற பரீது ஒவ்வொரு பக்கமாகக் கட்சி மாறிக்கொண்டிருந்தார். கறார் யாராக இருக்கும் என்பது தனிப் பந்தயம். ஓய்வு பெற்ற நீதிபதி என்றார் பரீது. கணக்கு வாத்தியார் என்றாள் கமர்ஜஹான். “எவனா இருந்தாலும் பொண்டாட்டி பாடு பாவம்” என்றாள் லூர்தம்மாள்.

இதை எழுதி முடிக்க முடியாது என்று சூசைராஜுக்குத் தோன்றியது. ஐந்தாவது இதழை நவம்பரில் வெறும் நாலு பக்கமாகக் கொண்டுவந்தார். அதில் ஒரு அறிவிப்பு: பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை, தாடிக்கொம்பில் சாகுல் ஹமீது அவர்களின் தென்னந்தோப்பில் காலை முதல் மாலை வரை ஆட்டம். விதி கட்சியும் டீச்சர் கட்சியும் ஆடிப் பார்த்துத் தீர்த்துக்கொள்ளலாம். கறார் கட்டாயம் வர வேண்டும்.

பழைய கேப்டன் ஹமீது தோப்பைக் கொடுத்ததோடு பிரியாணிக்கும் ஏற்பாடு செய்திருந்தார். பத்தொன்பது பேர் வந்தார்கள். கமர்ஜஹான் அண்ணனோடு வந்திருந்தாள். “சோத்துக்கு வெஞ்சனம் செய்யற ஆளு இல்லாம என்னத்தை ஆடப் போறீங்க” என்று சொல்லிக்கொண்டு லூர்தம்மாளும் ஒரு தூக்குச்சட்டியோடு வந்தாள். கறாரைத்தான் காணோம். பத்து மணிக்குத் தோப்பு வாசலில் ஒரு வாடகை மாட்டுவண்டி நின்றது. தலைப்பாகை கட்டிய ஒரு குடியானவர் இறங்கினார். சூசைராஜுக்குத் தெரிந்த முகம். தொப்பம்பட்டி ஆண்டிச்சாமி, வாரத்தில் இரண்டு நாள் ஒட்டன்சத்திரம் சந்தைக்குத் தக்காளிக் கூடையோடு அவர் பஸ்ஸில் வருகிறவர். வாயைத் திறந்து பேசியதே கிடையாது.

“வாங்க வாங்க, இந்தப் பக்கம் எங்க?” என்றார் சூசைராஜ்.

“ஏனுங்க கண்டக்டரே, நீங்கதானுங்களே கட்டாயம் வரோணும்னு போட்டிருந்தீங்க.”

சூசைராஜுக்கு விளங்கச் செத்த நேரம் ஆயிற்று.

“நீங்களா கறார்? போன வியாழக்கிழமைகூட உங்க கூடைக்கு லக்கேஜ் டிக்கெட் போட்டேனே! ஒரு வார்த்தை சொல்லலையே?”

“போட்டீங்க. கூடை பெருசுங்க, போடறதுதானுங்களே விதி. வண்டியில உங்க வேலையக் கெடுத்துட்டு நான் எதுக்குங்க பேசறது?”

கமர்ஜஹான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எட்டாம் வகுப்பு வரை படித்தவர் ஆண்டிச்சாமி. கிணற்றுத் தண்ணீர் முறை வைப்பதில் ஊரில் வருகிற தகராறையெல்லாம் தீர்த்து வைப்பது அவர்தான். விதியின் மேல் அவருக்கு இருந்த பிடிப்பு அங்கே வந்தது.

ஆட்டம் தொடங்கியது. சூசைராஜ் அமைத்த ஆட்டம் அது. ஊரின் பெயர் நடுவனூர். அப்படி ஓர் ஊர் கிடையாது. அங்கே சர்க்கஸ் வந்திருக்கிறது. யானை சங்கிலியை அறுத்துக்கொண்டு போய்விட்டது. ஆளுக்கொரு வேஷம்: தாசில்தார் ஆண்டிச்சாமி. சர்க்கஸ் முதலாளி ஹமீது. யானை யார் என்று கேட்டபோது கமர்ஜஹான் கையைத் தூக்கினாள்.

“யானை பேசாதேம்மா?” என்றார் பரீது.

“பேச மாட்டேன். என்ன செய்யுதுன்னு சொல்லுவேன்.”

சூசைராஜ் ஆளுக்குச் சில பழைய பஸ் டிக்கெட்டுகளைக் கொடுத்திருந்தார்; ஆண்டிச்சாமி கேட்டபடி அவற்றை மூன்றாம் ஆள்தான் மூட வேண்டும். அந்த வேலை லூர்தம்மாளுக்கு வந்தது. “சோத்தைப் பாக்கணும்” என்று முனகிக்கொண்டே வாங்கிக்கொண்டவள், அரைமணி நேரத்தில் அடுப்பை மறந்துவிட்டாள். யானை பள்ளிக்கூடத்துக்குள் புகுந்து மணியை அடித்தது. பிள்ளைகள் வீட்டுக்கு ஓடினார்கள். யானை குளத்தில் இறங்கியது. தாசில்தார் ஆணை மேல் ஆணை போட்டார். ஒவ்வொன்றுக்கும் ‘ஒத்தையா, ரெட்டையா’ நடந்தது. தாசில்தாரே மூன்று முறை ஜெயித்தார்.

சாப்பாட்டுக்குப் பிறகு கடைசிக் கட்டம். யானை தாசில்தார் ஆபீஸ் வாசலில் நிற்கிறது. இவ்வளவு நாள் எல்லோருக்கும் ‘நாளைக்கு வா’ என்று சொல்லிக்கொண்டிருந்த தாசில்தார் உள்ளே தனியாக உட்கார்ந்திருக்கிறார். ஆண்டிச்சாமியின் கடைசி டிக்கெட் லூர்தம்மாள் கைக்குள் இருந்தது. கமர்ஜஹான் இரட்டை என்றாள்; அது சரியானால் யானை உள்ளே வரும், தப்பானால் வாசலோடு திரும்பிப் போகும். லூர்தம்மாள் கையை விரிக்கப் போனாள்.

“நில்லுங்கம்மா” என்றார் ஆண்டிச்சாமி. அவர் முகம் சிவந்து, கண்ணில் சிரிப்பு முட்டிக்கொண்டிருந்தது. “டிக்கெட் எதுவா வேணா இருக்கட்டுங்க. ஆனை உள்ள வரட்டும். இந்தத் தாசில்தாருக்கு ஆனை வந்தாத்தானுங்க புத்தி வரும்.”

தோப்பே கைதட்டியது. ஒருத்தி மட்டும் தட்டவில்லை.

“அதெப்படி? விதி விதிதான்! டிக்கெட்டைக் காட்டுங்க மதினி!” என்று எழுந்து நின்றாள் கமர்ஜஹான். சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. அப்படியே தரையில் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தாள். ஆண்டிச்சாமி தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். லூர்தம்மாள் மூடின கையை விரிக்கவே இல்லை. அந்த டிக்கெட்டை அடுப்பில் போட்டுவிட்டாள். அதில் என்ன நம்பர் இருந்தது என்று கணவனிடம்கூடக் கடைசிவரை சொல்லவில்லை.

அடுத்த மாதமும் கூடலாம் என்று அன்றைக்கே முடிவாயிற்று. அதற்கடுத்த மாதமும் கூடினார்கள். பரீது ஆறாவது இதழுக்குக் காகிதம் ஒதுக்கி வைத்துவிட்டு ஏப்ரல் வரை காத்திருந்தார்.

“அண்ணே, மேட்டர் எங்க?”

“கேட்டுப் பாத்துட்டேன்ப்பா. டீச்சரும் எழுத மாட்டேங்குது, கறாரும் எழுத மாட்டேங்கறாரு. நேர்லயே பேசித் தீத்துக்கறாங்க. எனக்கும் எழுதறதுக்கு முன்னாடி ஆடிப் பாத்துருவோம்னுதான் தோணுது.”

பரீது அந்தக் காகிதத்தில் வேறு யாருக்கோ கல்யாணப் பத்திரிகை அடித்தார். ‘பாவனை’ ஐந்து இதழோடு முடிந்தது. சூசைராஜ் கொஞ்சம் வருத்தப்பட்டார். ஒருநாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார் என்று லூர்தம்மாள் சொல்வாள். ஆனால் மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. தோப்பில் ஆட்டம் இருந்தது.

அந்தக் கூட்டம் 1967 வரை தாடிக்கொம்பில் நடந்தது. சூசைராஜ் இடையில் செக்கிங் இன்ஸ்பெக்டர் ஆனார். கமர்ஜஹான் தலைமையாசிரியை ஆனாள். ஆட்டம் அமைக்கும் பொறுப்பு மெல்ல லூர்தம்மாளிடம் போய்ச் சேர்ந்தது. யார் எந்த வேஷத்தில் மலர்வார், யாரை யாரோடு மோதவிட்டால் கதை சூடு பிடிக்கும் என்று அவளுக்குத் தெரிந்த அளவு வேறு ஒருவருக்கும் தெரியவில்லை. அவள் அமைத்ததில் பேர் வாங்கியது ஒரு கல்யாண வீட்டு ஆட்டம். மாப்பிள்ளையைக் காணவில்லை என்பது பெண் வீட்டுக்குத் தெரியக் கூடாது. பெண்ணையும் காணவில்லை என்பது மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியக் கூடாது.

அதில் சூசைராஜுக்குக் கிடைத்தது காது கேளாத சித்தப்பா வேஷம். ஆட்டம் முழுக்க ஒரே ஒரு வார்த்தைதான் பேசலாம் என்று லூர்தம்மாள் கறாராகச் சொல்லிவிட்டாள். அவர் மறுபேச்சில்லாமல் தென்னை மரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டார். இரண்டு வீட்டாரும் மாறி மாறி வந்து ரகசியத்தை அவர் காதில் கத்திவிட்டுப் போனார்கள். ஒவ்வொருவரிடமும் அவர் கையை நீட்டி, “பாயசம்?” என்று கேட்டார்.